நாயகன் போனை எடுக்கும் அத்தியாயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காதலோடு நாயகியின் வளர்ச்சியையும் சொல்லும் நாவல்கள் இப்போது நிறைய வருவது மகிழ்ச்சி. நகரத்து வேலையை விட்டு வந்து அப்பாவின் நிலத்தைக் கையில் எடுக்கும் டெல்டாப் பெண்ணும் அவற்றில் வருகிறாள். ஆனால் சிக்கல் முற்றும்போது நாயகன் போனை எடுக்கிறான். நான்கு வரியில் எல்லாம் சரியாகிறது. அதோடு அவள் வளர்வது நின்றுவிடுகிறது. மிச்சம் கல்யாணம்தான்.

குறுவை அறுவடையை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மழையில் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறாள். ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். மீட்டர் 20 காட்டுகிறது. நாயகன் அதிகாரியிடம் பேசி மூட்டையை ஏற்றிவிட்டால் கதை அங்கேயே செத்துப்போகும். குவியலைப் பிரித்துத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காலால் கிளறிவிட்டு, தூறல் விழுந்ததும் வாரி மூட வேண்டும். குவியலாகவே கிடந்தால் உள்ளே சூடேறி அரிசி பழுப்பாகும், நனைந்த இடத்தில் முளைவிடும். இதை அவள் செய்யட்டும். தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அவன் அங்கே வரட்டும். அவள் சொல்கிற பக்கம் இழுக்கட்டும். எந்த வசனத்தையும்விட நல்ல காதல் காட்சி அது.

அதற்கு முன்னால் அவள் எதையாவது கெடுத்திருக்கவும் வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த அன்றே கடைமடை வாய்க்காலில் நாயகி கால் நனைக்கும் கதைகள் உண்டு. தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்கு இன்னும் தாமதம். திறந்த அன்றே வந்துவிடும் என்று நம்பி போர்வெல் தண்ணீரில் முன்கூட்டியே நாற்று விட்டால் நாற்று முற்றிப்போகும். ராஜராஜன் ஆயிரம் என்கிற ஒற்றை நாற்று நடவு முறையில் ஏக்கருக்கு 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று. வயது கடந்த நாற்றை அப்படி ஒற்றையாக நட்டால் தூர் கட்டாது. அவள் தோற்பதற்கு வில்லன் தேவையில்லை.

கும்பகோணத்தில் நடக்கும் தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலில், ரங்கண்ணாவிடம் பாபு கற்கும் சங்கீதத்தையும் யமுனா மேல் அவனுக்குள்ள மோகத்தையும் பிரித்தெடுக்க முடியாது. கற்பது அங்கே கதைக்குப் பின்னணி இல்லை, கதையே அதுதான்.

தொடர்கதை தேர்ந்தெடுக்கும்போது, சிக்கல் அவிழும் அத்தியாயத்தை முதலில் வாங்கிப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
மன்னார்குடி