ப்ளெயின் டெக்ஸ்ட் பொத்தானை எழுதும் பெட்டிக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய பதிப்பில் ஃபார்மேட்டிங் மெயிலுக்கும் ப்ளெயின் டெக்ஸ்ட் மெயிலுக்கும் இடையே மாறுவதில் உள்ள கோளாறுகள்

வணக்கம்.

உங்கள் மெயில் செயலியை ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறேன். மொழிபெயர்ப்புதான் என் தொழில், அதனால் நாள் முழுக்க மெயில்தான். வேலை கொடுக்கிற நிறுவனங்களுக்குக் கட்டண அட்டவணை, தடித்த எழுத்து, லிங்க் எல்லாம் வைத்து எழுத வேண்டும். மிச்ச நேரத்தில் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் குழு ஒன்றுக்கும் வேலை செய்கிறேன், அங்கே ப்ளெயின் டெக்ஸ்ட், அதாவது தடித்த எழுத்தோ அட்டவணையோ இல்லாத வெறும் எழுத்து, தவிர வேறு எதுவும் செல்லாது. ஆக, ஒரே காலையில் இரண்டு விதமாகவும் எழுதுகிற ஆள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்பு அனுப்பிய புகாருக்கு, பெரும்பாலானவர்கள் ஃபார்மேட்டிங் உள்ள மெயிலைத்தான் விரும்புகிறார்கள் என்று உங்கள் ஆள் பதில் போட்டிருந்தார். பெரும்பாலானவர்களுக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்கவே இல்லையே. இந்த மெயில் எப்படிப் போக வேண்டும் என்பதை, இதை எழுதுகிறவர் இதை எழுதும் இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பழைய பதிப்பில் அது இருந்தது. எழுதும் பெட்டியின் ஓரத்தில் மூன்று புள்ளியைத் தட்டினால் ப்ளெயின் டெக்ஸ்ட் என்று வரும், தொட்டால் அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் மாறும். புதிய பதிப்பில் அதை எடுத்துக்கொண்டுபோய் செட்டிங்ஸுக்குள், கணக்கு, மேம்பட்டவை, எழுதும் முறை என்று மூன்று கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டீர்கள். தேடிப் போய் மாற்றினாலும் அது அந்த மெயிலுக்கு மட்டும் இல்லை, மொத்தக் கணக்குக்கும் மாறுகிறது. தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் எழுது, பதிலளி பொத்தானை ஷிஃப்ட் விசையோடு அழுத்தினால் போதும், அந்த ஒரு மெயில் மட்டும் மற்ற முறையில் திறக்கும். எத்தனையோ ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

இதனால் எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்கான கட்டண மெயிலை அட்டவணை போட்டு எழுதி டிராஃப்டில் வைத்திருந்தேன். அப்புறம் தமிழாக்கக் குழுவுக்கு ஒரு மெயில் அனுப்புவதற்காகக் கணக்கை ப்ளெயின் டெக்ஸ்டுக்கு மாற்றினேன். திரும்ப வந்து டிராஃப்டைத் திறந்தால், உங்கள் செயலி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் ப்ளெயின் டெக்ஸ்டாக மாற்றி, மாற்றியதையே சேமித்தும் வைத்துவிட்டது. அட்டவணையின் கட்டங்களுக்கு நடுவே ஓர் இடைவெளிகூட விடவில்லை. 4200 சொற்கள், சொல்லுக்கு 2 ரூபாய் வீதம் 8400 ரூபாய் என்று இருந்த வரிசை ‘பயனர் கையேடு420028400’ என்று ஒரே எண்ணாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. லிங்க் எல்லாம் போய்விட்டது, அவற்றின் மேல் இருந்த சொற்கள் மட்டும் மிச்சம். கண்ட்ரோல் இசட் அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. கணக்கைப் பழையபடி ஃபார்மேட்டிங்குக்கு மாற்றிப் பார்த்தேன், அதே ஒட்டிய எண்தான் வருகிறது. ஃபார்மேட்டிங்கிலிருந்து ப்ளெயின் டெக்ஸ்டுக்குப் போனால் சில விஷயங்கள் போகத்தான் செய்யும், அது யாருக்கும் தெரியும். ஆனால் ‘அட்டவணையும் லிங்க்கும் போய்விடும், சரியா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. மெயில் அனுப்பப்படும் வரைக்கும் பழைய வடிவத்தை ஓரமாக வைத்திருக்கலாமே. அரை நாள் போட்ட வேலையைத் திரும்பவும் முதலிலிருந்து செய்தேன்.

சரி, ப்ளெயின் டெக்ஸ்டாவது ஒழுங்காகப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. தமிழாக்கக் கோப்புகளில் ஆங்கில வாக்கியமும் தமிழ் வாக்கியமும் நேராக நிற்கும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். உங்கள் செயலி ப்ளெயின் டெக்ஸ்டிலும் அதை வளைந்த குறியாக மாற்றி அனுப்புகிறது. பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் கோப்பைச் சோதிக்கும் நிரல் அந்த வரிக்கு வந்ததும் பிழை என்று நின்றுவிடும். நான் அனுப்பியதைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிரல் திருத்தம் அனுப்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு டேப் நான்கு ஸ்பேஸாக மாறிவிட்டாலே அந்தத் திருத்தம் ஒட்டாது, ஃபார்மேட்டிங் உள்ள மெயிலாக இருந்தால் அவர்களுடைய சர்வர் வாங்கவே வாங்காது. ப்ளெயின் டெக்ஸ்ட் என்றால் நான் தட்டியது தட்டியபடியே போய்ச் சேர வேண்டும்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது தமிழ் வரிகளைப் பார்த்துத்தான். ப்ளெயின் டெக்ஸ்டில் நீண்ட வரியை மடித்து அனுப்புகிறீர்கள், நல்லது. ஆனால் எழுத்தை எண்ணாமல், கணினி அதைச் சேமிக்க எடுக்கும் இடத்தின் அளவான பைட்டை எண்ணி மடிக்கிறீர்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதனால் 72 பைட் என்றால் 72 எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் அப்படி இல்லை, ‘க’வுக்கு 3 பைட், அதோடு கொம்போ புள்ளியோ சேர்ந்தால் இன்னொரு 3 பைட். ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கு’ என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது 13 எழுத்து, கணக்கில் 69 பைட். அந்த ஒரு சொல்லோடு உங்கள் செயலிக்கு வரி முடிந்துவிடுகிறது! பத்தி முழுக்க ஒல்லியான நாடா மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் நீளமான சொல் வந்தால் நடுவிலேயே வெட்டுகிறது, அதுவும் ‘கை’யில் ‘க’ மேல் வரியிலும் அதன் கொம்பு அடுத்த வரியில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகவும் வந்து விழுகிறது. மெயிலுக்கான தரநிலையில் ஒரு வரிக்கு 78 என்ற பரிந்துரை இருக்கிறது. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6532 என்ற இணையத் தரநிலை ஆவணம், அந்த 78 என்பது எழுத்துக் கணக்கு, பைட் கணக்கு இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. கூடாது என்று தடுக்கும் மேல்வரம்பு 998, அதைத்தான் பைட்டில் எண்ணச் சொல்கிறார்கள். உங்கள் பொறியாளர்கள் தமிழிலோ இந்தியிலோ ஒரே ஒரு பத்தி அனுப்பிப் பார்த்திருந்தால் இந்தக் கோளாறோடு பதிப்பு வெளியாகியிருக்காது. அதைவிட நல்ல வழியும் 2004இலிருந்தே இருக்கிறது: ஆர்எஃப்சி 3676 சொல்லும் முறையில், மடித்த வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டால் படிக்கிறவரின் செயலி தன் திரை அகலத்துக்கு ஏற்ப வரிகளைச் சேர்த்துக்கொள்ளும். போனில் படிப்பவருக்கும் கணினியில் படிப்பவருக்கும் சரியாகத் தெரியும்.

பதில் எழுதும்போதும் இதே தொல்லை. ப்ளெயின் டெக்ஸ்டில் வந்த மெயிலுக்குப் பதில் போட்டால் அது ஃபார்மேட்டிங்கில் திறக்கிறது. வந்தது எந்த முறையோ அந்த முறையிலேயே பதிலும் திறக்கட்டும், வேண்டாதவர் மாற்றிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் சொன்னதற்கு வந்த பதில், கேச்சை அழித்துவிட்டுச் செயலியைத் திரும்ப நிறுவுங்கள் என்பதுதான். செய்தேன், எதுவும் மாறவில்லை, மாறவும் மாறாது. ஏனென்றால் இது என் போனில் உள்ள கோளாறு இல்லை, நீங்கள் வடிவமைத்ததே இப்படித்தான்.

பொத்தானை எழுதும் பெட்டிக்கே கொண்டுவாருங்கள், எதையும் அழிக்கும் முன் கேளுங்கள், தமிழ் வரியை எழுத்தால் எண்ணுங்கள். எப்போது செய்வீர்கள் என்று இந்தப் புகாரைப் படித்துப் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். அதுவரை பழைய பதிப்பை நிறுவிக்கொள்ள வழி செய்யுங்கள், முடியாது என்றால் மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். ஒட்டிப்போன அட்டவணை, உடைந்த தமிழ் வரிகள் இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும், நான் அனுப்பிய மெயிலின் மூல வடிவத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்