உன் பிளானைப் பார்த்தேன்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வசந்தியும் நலம்தானே? மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு, கடிதத்தோடு நீ அனுப்பிய வீட்டு பிளானுக்கு வருகிறேன்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேற்குச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டிருக்கிறாரே உன் ஆர்க்கிடெக்ட்? இயற்கையோடு ஒட்டிய வீடு வேண்டும் என்று நீ கேட்டிருப்பாய், அதற்கு அவர் தந்த பதில் இது. இப்போது யாரைக் கேட்டாலும் இதைத்தான் தருகிறார்கள். ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியே தோட்டத்தைப் பார்ப்பது டிவி பார்க்கிற மாதிரிதான் என்பேன் நான்.

உச்சி வெயிலைக் கூரையைக் கொஞ்சம் நீட்டினாலே மறைத்துவிடலாம். மாலையில் சூரியன் தாழ இறங்கி நேராக முகத்தில் அடிக்கும்போது எந்த சன்ஷேடும் உதவாது. உள்ளே வந்த வெயில் தரையையும் சோபாவையும் சூடாக்கும். அந்தச் சூட்டைக் கண்ணாடி லேசில் வெளியே விடாது. அப்புறம் கனத்த திரை வாங்கித் தொங்கவிடுவாய். அதோடு தோட்டமும் போயிற்று!

அமெரிக்காவில் மீஸ் வான் டெர் ரோ என்ற ஆர்க்கிடெக்ட் கட்டிய ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டின் படத்தை நீயும் பார்த்திருப்பாய். 1951-ல் முடிந்தது. ஆற்றங்கரை, நாலு பக்கமும் கண்ணாடி. வெள்ளம் வரும் என்று தெரிந்தே தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தூக்கிக் கட்டினார். 1954-லேயே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. 1996, 2008 என்று பிறகும் வந்தது. கட்டச் சொன்ன டாக்டரம்மாவுக்கும் அவருக்கும் செலவு விஷயத்தில் கோர்ட் வரை போன சண்டை. வெக்கை, பூச்சி, ஒளிவுமறைவு இல்லாமை என்று அந்த அம்மாளுக்குக் குறைகள் வேறு. படத்துக்கு அதைவிட அழகான வீடு கிடையாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற அமெரிக்க ஆர்க்கிடெக்டின் ஃபாலிங்வாட்டர் வீடு. 1935-ல் வரைந்தார். எதிரே இருந்து அருவியைப் பார்க்கிற மாதிரி வீடு வரும் என்று சொந்தக்காரர் எதிர்பார்த்திருக்க, ரைட் வீட்டையே அருவியின் தலைமேல் வைத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தால் அருவி தெரியாது, சத்தம்தான் கேட்கும். அங்கே இருந்த பாறையை உடைக்காமல் அதன் மேலேயே கணப்பு அடுப்பை அமைத்தார்கள். சுற்றியுள்ள கல் தரைக்கு மெழுகு பூசிப் பளபளப்பாக்கியவர்கள் அந்தப் பாறையை மட்டும் அப்படியே விட்டார்கள். பளபளக்கும் தரை ஓடைத் தண்ணீர் போலவும், நனையாத பாறை அதிலிருந்து தலை நீட்டுவது போலவும் இருக்கும். (முன்னால் நீண்டு நிற்கும் தளங்கள் தொய்ந்து, 2002-ல் பெரிய ரிப்பேர் நடந்தது. ரைட்டும் தெய்வமில்லை.) உன் மனையின் நடுவே இருக்கும் பாறைக்கு நேரே ‘அகற்றவும்’ என்று எழுதியிருக்கிறதே, ஏன்? அதைச் சுற்றி ஒரு முற்றம் விட முடியாதா என்று கேட்டுப் பார்.

வடகிழக்கு மூலையில் உள்ள பெரிய மரத்தை பிளானில் ஒரு சின்ன வட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். கவலையெல்லாம் எனக்கு அங்கேதான். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்கும்; கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகும். லெவல் செய்கிறேன் என்று அதன்மேல் மண்ணைக் கொட்டினாலோ, லாரியை ஓட்டி மண்ணை இறுக்கினாலோ வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே சாகாது. நீ குடிவந்து சில வருஷம் கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்கும், அப்போது ஏன் என்றே உனக்குப் புரியாது. வேலை தொடங்கும் முன்பே கிளை எல்லை வரை வேலி போட்டுவிடு. சிமென்ட் கலக்குவது, சட்டி கழுவுவது எதுவும் அதற்குள் கூடாது. அந்தப் பக்கம் தொடர்ச்சியாகக் கடைக்கால் தோண்டாமல், வேரைப் பார்த்துத் தனித்தனித் தூண்களாக இறக்கச் சொல். கட்டடம் வரும் இடத்தின் மேல்மண்ணையும் வழித்துத் தனியாகக் குவித்து வை. தோட்டம் போடும்போது விலை கொடுத்து மண் வாங்க வேண்டாம்.

மேற்கில் கண்ணாடிக்குப் பதிலாக ஆழமான தாழ்வாரம் கேள். நாற்காலி போட்டுக் காலை நீட்டினால் சாரல் படாத அளவு ஆழம் வேண்டும். காற்று வரும் பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரத்திலும் திறப்பு வைத்தால் சூடு தானாக மேலேறி வெளியே போகும். கண்ணாடி வேண்டும் என்று வசந்தி பிடிவாதமாக இருந்தால் வடக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டிவிடுங்கள், பறவைகள் முட்டிச் சாகாது.

மனையின் சர்வே படம் இருந்தால் அனுப்பு. மேடுபள்ளமும் மழைத் தண்ணீர் ஓடும் திசையும் தெரிந்தால் தாழ்வாரத்தைப் பற்றி இன்னும் உருப்படியாக எழுதுவேன். அதற்குள் கான்ட்ராக்டர் சுண்ணாம்புக் கோடு போட வந்தால் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடு.

அன்புடன்,
சேகர்