கோட்டைக்கு எண்ணூறு வயது சரி, சுவருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். அயர்லாந்தின் ஆஷ்ஃபர்ட் கோட்டை ஹோட்டலை எண்ணூறு வருஷக் கட்டடம் என்கிறார்கள். 1228-இல் டி பர்க் குடும்பம் தொடங்கியது உண்மைதான், ஆனால் இன்று காரிப் ஏரிக்கரையில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி, 1852-இல் அதை வாங்கிய பியர் முதலாளி பெஞ்சமின் லீ கின்னஸும் அவர் மகனும் சேர்த்துக் கட்டியது. இதையும் சொல்ல வேண்டாமா? 1939-இல் ஹோட்டலானது. அப்புறம் 2013-இல் வாங்கிப் புதுப்பித்தவர்கள், நம் தென்னாப்பிரிக்க டர்பன் பக்கம் உம்லாங்காவில் ஆய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டலை நடத்துகிறவர்கள்தான். அங்கே சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தருகே காலையில் நடக்கும்போதெல்லாம், நம் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளுக்கும் இப்படி யாராவது பணம் போட மாட்டார்களா என்று ஏங்குகிறேன். என் பாட்டி பிறந்த வரிசையில் துருப்பிடித்த தகரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வாசகர், டர்பன்