அக்கா சேற்றில் ஓடும்போது நீங்கள் எங்கே நிற்க வேண்டும்: அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தான்,

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஓடப்போகிற ஸ்பார்ட்டன் ஓட்டத்துக்கு (சேற்றிலும் தடைகளைத் தாண்டியும் ஓடுகிற போட்டி) நீங்களும் வருவதாக அக்கா நேற்று ராத்திரி போன் பண்ணிச் சொன்னார். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. வைக்கும் முன், "அவருக்கு அங்க என்ன செய்யணும்னு ஒன்னும் தெரியாது, நீ கொஞ்சம் சொல்லு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களைப் போல முதன்முறையாகப் போகிற கணவர்மார், அம்மா அப்பாக்கள், பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

முடிவுக் கோட்டில் போய் நிற்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற குடும்பங்களில் பெரும்பாலானோர் அங்கேதான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கடைசியில் நெருப்பைத் தாண்டிக் குதிக்கிற அந்த ஒரு நொடிக்காக. படம் நன்றாகத்தான் வரும். ஆனால் அந்த இடத்தில் ஓடுகிறவருக்கு யாருடைய குரலும் தேவைப்படாது. மெடல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, கால் தானாகப் போகும். நீங்கள் நிற்க வேண்டியது ஈட்டி எறிகிற இடத்துக்குப் பக்கத்தில்.

ஏன் என்று சொல்கிறேன். அக்கா ஓடப்போவது ஸ்பார்ட்டனில் ஸ்பிரிண்ட் என்கிற சின்ன ஓட்டம், 5 கிலோமீட்டர், 20 தடைகள். (இதற்கு மேல் 10 கிலோமீட்டரில் 25, 21 கிலோமீட்டரில் 30 என்று போகும், அதையெல்லாம் இப்போதே அக்காவிடம் நினைவுபடுத்த வேண்டாம்.) சுவர் ஏறுவது, முள்கம்பிக்கு அடியில் சேற்றில் ஊர்ந்து போவது, கல் நிரம்பிய வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறுவது, கயிற்றில் ஏறி உச்சியில் இருக்கும் மணியைத் தட்டுவது, இதையெல்லாம் எப்படியாவது தம் பிடித்து முடித்துவிடலாம். ஈட்டி அப்படி இல்லை. ஒரே ஒரு முறைதான் எறியலாம். வைக்கோல் இலக்கில் குத்தி நின்றால் சரி, கீழே விழுந்தால் தண்டனை. உடம்பைக் கட்டுமஸ்தாக வைத்திருக்கிறவர்கள்கூட அங்கே கோட்டைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தண்டனை என்றால் 30 பர்ப்பி, அதுதான் இந்த ஓட்டத்தின் பழைய விதி. சில தடைகளில் அதற்குப் பதிலாகக் கூடுதல் சுற்று ஒன்று போகச் சொல்வார்கள். நின்ற இடத்திலிருந்து கீழே விழுந்து, நெஞ்சு தரையில் பட்டு, எழுந்து, கையைத் தூக்கிக் குதித்தால் ஒரு பர்ப்பி. ஓடிக் களைத்த உடம்போடு, சேறு ஊறிக் கனத்துப்போன சப்பாத்தோடு, அதை முப்பது தடவை செய்ய வேண்டும்.

போன ஓட்டத்தில் அந்த இடத்தில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி ஈட்டியைத் தவறவிட்டாள். பத்து பர்ப்பி வரை ஒழுங்காகச் செய்தாள், பன்னிரண்டில் கை மடங்கிவிட்டது, கன்னம் செம்மண்ணில் பட அப்படியே கிடந்தாள். அவள் கணவர் உங்களைப் போலத்தான், அதிகம் பேசமாட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதுவரை ஓரமாக நின்றவர், பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமாக வந்து அவள் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, "பதிமூணு" என்றார். அவள் எழுந்தாள். "பதினாலு." கொஞ்சம் நிறுத்தி, "பதினஞ்சு." பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பையனும் ஒரு சீன ஆண்ட்டியும் அவர் குரலுக்கே விழுந்து எழ ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆனால் தாளம் ஒன்றாகிவிட்டது. முப்பது வந்து என் தோழி எழுந்து ஓடிய பிறகும் அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. இவர் அவனைப் பார்த்து "பெராப்பா லாகி?" (இன்னும் எத்தனை?) என்று மலாயில் கேட்டார், அவன் நான்கு விரலைக் காட்டினான், உடனே "சத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று ஒன்றிலிருந்து நான்கு வரை அவனுக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். உற்சாகமூட்டுகிற மாதிரி ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை, எண்களை மட்டும்தான் சொன்னார். நீங்களும் அதைச் செய்தால் போதும் அத்தான். கத்தத் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள், எண்ணத் தெரிந்தால் சரி.

அடுத்தது, ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது. இரண்டாவது மூன்றாவது சேற்றுக் குழியைத் தாண்டினால் எல்லோரும் ஒரே நிறம். சட்டை நிறத்தை நம்ப முடியாது. நெற்றிப் பட்டையில் நம்பர் இருக்கும், அதுவும் மறைந்துவிடும். நடையைப் பாருங்கள், அக்கா களைத்தால் இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார், நூறு பேருக்கு நடுவிலும் உங்களுக்குத் தெரியும். அவருக்கும் உங்களை அடையாளம் தெரியாது, கண்ணெல்லாம் மண். அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அதுவும் வீட்டில் கூப்பிடுகிற பெயரை. அங்கே "கமான்", "போலே, போலே" (முடியும், முடியும்) என்று எல்லாரும் எல்லாருக்கும் கத்திக்கொண்டிருப்பார்கள், நல்ல மனுஷர்கள்தான், ஆனால் அந்தச் சத்தத்தில் அக்கா தலை திரும்புவது உங்கள் குரலுக்குத்தான்.

இரண்டு வாக்கியங்களை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒன்று, "இன்னும் கொஞ்சம்தான்." எத்தனை தடை பாக்கி என்று எண்ணி வைத்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். கொஞ்சம்தான் என்று நம்பி மேட்டைத் தாண்டுகிறவருக்கு அங்கே இன்னொரு மேடு தெரிந்தால் மனது விட்டுப்போகும். இன்னொன்று, "போதும்மா, வந்துடு." உங்களுக்கு வாய் வரை வரும், எனக்குத் தெரியும். பிடித்துக்கொள்ளுங்கள். சின்னண்ணன் காவடி எடுத்த வருடம் பத்துமலையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையிலிருந்து குகை வரை, 272 படியிலும் பக்கத்திலேயே நடந்தீர்கள், அவர் நின்றால் நின்றீர்கள், காலுக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள், மூச்சு வாங்கும்போது "வேல் வேல்" என்று குரல் கொடுத்தீர்கள், ஒரு தடவைகூட இறக்கி வைக்கச் சொல்லவில்லை. அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் கூட நடக்கிறவர் செய்ய வேண்டியது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே சமயம் கை நீட்டித் தூக்கிவிடப் போகாதீர்கள். பொதுப் பிரிவில் ஓடுகிறவர்கள் சுவரில் ஏற ஒருவருக்கொருவர் தோள் கொடுத்துக்கொள்ளலாம், அதைப் பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். கயிற்றுக்கு வெளியே இருக்கிற நாம் உள்ளே நுழையக்கூடாது.

பெரியம்மா, "காசு கொடுத்துச் சேத்துல விழணுமா?" என்று கேட்டாராம். உங்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். இப்படிப்பட்ட ஓட்டம் 1987-லேயே இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் டஃப் கய் என்ற பெயரில் ஆரம்பித்தது, ஸ்பார்ட்டன் 2010-இல் அமெரிக்காவில் வந்தது, இன்றுவரை உலகம் முழுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அதைவிட, அக்காவின் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு, இரண்டு உரிந்து சிவந்திருக்கும், அதன்மேல் பிளாஸ்டர் போட்டுக்கொண்டுதான் வகுப்பில் போர்டில் எழுதுகிறார். தித்திவங்சா பூங்காவில் பிள்ளைகள் விளையாடி முடிக்கும் வரை காத்திருந்து, அதற்கப்புறம் கம்பியில் தொங்கிப் பழகி வந்த காய்ப்பு அது. முதலில் ஐந்து எண்ணுவதற்குள் கை விட்டுவிடும், இப்போது கம்பிக்குக் கம்பி தாவி மறுபக்கம் போய்விடுகிறார். நாற்பத்தாறு வயதில் ஒருவர் இதைச் செய்வது எனக்குப் பெரிய விஷயம். பெரியம்மாவுக்கும் அதைச் சொல்லுங்கள்.

சரி, பைக்கு வருவோம். பெரிய பாட்டிலில் சுத்தமான தண்ணீர், ஹண்ட்ரட் பிளஸ் பானம், இரண்டு துண்டு, மாற்றுத்துணி, சிலிப்பர், சேற்றுத்துணிக்குக் கனமான பிளாஸ்டிக் பை, குடை. மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்தால் ஓட்டத்தையே நிறுத்தி வைப்பார்கள், அப்போது மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், காருக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அக்காவின் பேச்சைக் கவனியுங்கள். களைப்பு வேறு, ஆனால் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அப்போது மட்டும் நான் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு உடனே மருத்துவக் கூடாரத்து ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் கெஞ்சிங் தீக்குஸ், அதாவது எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு மூலம் வருகிற எலிக் காய்ச்சல். 2000-இல் சபா மாநிலத்தில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் என்ற சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் இறங்கியவர்களில் பலருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. வெட்டுக்காயம், உரிந்த தோல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமி ஏறும், அக்காவின் கை வேறு இப்படி இருக்கிறது. ஓடும் முன் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் கிளினிக்கில் சேற்று ஓட்டத்தைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும்.

பயப்படுத்துவதற்காக எழுதவில்லை அத்தான். தொடக்கத்தில் எல்லோரும் "அரூ, அரூ" என்று கத்துவார்கள், நீங்களும் கத்துங்கள், அந்தச் சத்தத்தில் நிற்கும்போதே உங்களுக்கும் ஆசை வந்துவிடும்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வீட்டு வாசலில் நிற்பேன், உங்கள் காரிலேயே போய்விடலாம். பின்சீட்டில் விரிக்கப் பழைய பெட்ஷீட் என்னிடம் இருக்கிறது. சாப்பாடு எதுவும் கட்ட வேண்டாம், ஓட்டம் முடிந்தால் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடுதான் வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தியா