வேலிப் பொட்டால் போன விதை

ஆசிரியர் அவர்களுக்கு,

மரக்கறி விலை ஏறினால் உங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படத்தோடு செய்தி வருகிறது, இறங்கினால் உள்ளே எங்கேயோ நாலு வரி. அதைக் குறை சொல்ல வரவில்லை. நான் எழுதுவது விதையைப் பற்றி. கடைசியில் உங்களிடம் கொஞ்சம் இடமும் கேட்கப்போகிறேன், அதனால் முழுக்க வாசித்துவிடுங்கள்.

என் வீடு உரும்பிராயில். தபால் கந்தோரில் 31 வருடம் இருந்து ஓய்வுபெற்றவள். பின்வளவில் ஏழெட்டுப் பாத்தி வைத்திருக்கிறேன், சந்தைக்குக் கொண்டுபோகிற அளவுக்கு ஒன்றுமில்லை, எங்கள் சட்டிக்கும் பக்கத்து வீட்டுச் சட்டிக்கும் போதும். அதில் இப்போது பந்தலில் நிற்கிற பயிற்றை அம்மாவுடையது. காய் வெளிறிய பச்சை, நுனியில் மட்டும் ஊதா ஓடியிருக்கும், விதை சிவப்பு. ஒரு காய் ஒன்றரை முழம் வரும், முற்றினாலும் நார் பிடிக்காது. அம்மா விதையைச் சாம்பலில் பிரட்டி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு அடுப்படிப் பரணில் வைத்திருப்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது காணி உறுதியை எடுத்தார், நகையை எடுத்தார், எங்கள் சேர்ட்டிபிக்கேட்டுகளை எடுத்தார். விதைப் போத்தலை அந்த மழையில் யார் நினைத்தார்கள்? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவே இல்லை, போத்தலா இருக்கப்போகிறது.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னர், ஒரு கலியாண வீட்டுக்கு வந்த மட்டுவில் மச்சாள் பந்தலில் காயைக் கண்டு ஆசைப்பட்டு ஒரு கை விதையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போயிருந்தார். 2000 ஆம் ஆண்டு தென்மராட்சியும் இடம்பெயர, மச்சாள் வீட்டிலும் எல்லாம் போனது. அதற்குள் மச்சாளின் மகள் கரவெட்டியில் கலியாணம் முடித்து, போகும்போது அந்த விதையையும் கொண்டுபோய்விட்டாள். எங்களுக்கு இதொன்றும் தெரியாது. பாதை திறந்த பிறகு ஒரு செத்தவீட்டில் அவளைக் கண்டபோது அழுது முடித்துவிட்டுச் சொல்கிறாள்: "ஆச்சியின்ர பயிற்றை எங்கட கிணத்தடியில நிக்குது மாமி." நான் நம்பவில்லை. அவள் தந்த விதையைப் போட்டுக் காய் வந்ததும் அம்மா நுனியை முறித்து மணந்து பார்த்துவிட்டு, "இது என்ரதான்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

போத்தலில் பத்திரமாக வைத்தது போய்விட்டது, கலியாண வீட்டில் கேட்டவருக்குக் கொடுத்தது மூன்று ஊர் சுற்றித் திரும்பி வந்தது. போத்தல் தப்பியிருந்தாலும் அதிக காலம் தாங்கியிராது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பயிற்றை விதை இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், வெங்காய விதை ஒரு வருடமே நிற்காது, கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஆகவே யாராவது ஒருவர் எங்கேயாவது ஒவ்வொரு போகமும் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கன்னொறுவையில் அரசாங்கத்தின் தாவர மரபுவள நிலையம் இருக்கிறது, குளிரறையில் விதை வைக்கிறார்கள், நல்ல வேலை. அதற்காக உரும்பிராயிலும் கரவெட்டியிலும் உள்ள ஒவ்வொரு வளவுப் பயிற்றையையும் அவர்கள் வந்து பொறுக்குவார்கள் என்று இருக்க முடியாது.

முந்தி இதற்கெல்லாம் கடிதம் எழுதத் தேவைப்பட்டிருக்காது. கிடுகு வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற ஓட்டை, இருக்கும். அதால் கறிக் கோப்பை போகும், சண்டை போகும், பிள்ளைகள் போவார்கள், விதையும் போகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் பசளையும் ஒழுங்காக வராமல் இருந்தபோதுகூட கத்தரிக்கும் புடோலுக்கும் விதை இல்லை என்று நாங்கள் இருந்ததில்லை, ஏனென்றால் அது யாரோ ஒருவரின் குசினிச் சுவரில் பசுச்சாணி வறட்டிக்குள் ஒட்டியிருக்கும். இப்போது எல்லாருக்கும் மதில், என் வீட்டுக்கும் மதில்தான், நானே கட்டுவித்தேன், களவுக்குப் பயம். மதிலில் பொட்டு வைக்க முடியாது. விதை வேண்டுமென்றால் கடைக்குப் போய்ப் பைக்கற் வாங்குகிறோம்.

பைக்கற்றைத் திட்டுகிற ஆள் நானில்லை. சந்தைக்குச் செய்கிறவர்களுக்கு ஒரே அளவில், ஒரே நாளில் காய் வேண்டும், அதற்கு வீரிய இன விதை சரி. வீட்டுக்காரர்தான் ஏமாறுகிறோம். ஒருமுறை நானும் ரவுனில் ஒரு கடையில் தக்காளி விதை வாங்கினேன், அந்த வருடம் காய்த்தது எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி, எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து அக்கம்பக்கத்தில் ஒன்பது பேருக்குக் கொடுத்தேன். அடுத்த முறை ஐந்து கன்று ஐந்து விதம், ஒன்று சுண்டங்காய் அளவு, ஒன்று வெடித்துப் புளித்தது. பைக்கற்றின் மூலையில் எஃப் 1 என்று சின்னதாகப் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அது இரண்டு பெற்றோரைச் சேர்த்து எடுத்த கலப்பு, அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் பிரிந்துதான் போவார்கள். ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அதில் ஆறு பேர் ஏற்கனவே "உங்கட தக்காளி சரியில்லை" என்று மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இந்த வாய் திறக்காத குணம்தான் என் உண்மையான மனக்குறை. 2022 ஆம் ஆண்டு நினைவிருக்கும். அதற்கு முதல் வருடம் இரசாயனப் பசளையைத் தடுத்து, வருட முடிவுக்குள் திரும்ப விட்டார்கள். பேந்து காசும் இல்லை, எண்ணெயும் இல்லை, ஆனியில் அரசாங்க உத்தியோகத்தருக்கு வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். லீவு வந்தது, விதை வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள், கந்தோருக்குப் போகிறவர்கள், "அன்ரி விதை இருக்கோ" என்று வந்தார்கள். எனக்கோ நல்ல சந்தோசம். பழைய கடித உறைகளில், தபால் கந்தோர்ப் பழக்கம் விடுமா, பெயர், எடுத்த திகதி, எங்கே நின்ற மரம் என்று எழுதி நாற்பது உறை கொடுத்தேன். அதில் திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொன்னவர்கள் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேர் சொன்னதில் நான் படித்தது கொஞ்சமல்ல. ஒருவர் வேலணையில் படிப்பிக்கிற ரீச்சர். அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். அம்மாவின் பயிற்றை முளைத்து ஒரு முழம் ஏறிய பிறகு இலை ஓரம் கருகத் தொடங்கியதாம், பக்கத்தில் போட்ட முளைக்கீரை ஒன்றும் நடக்காத மாதிரி நின்றதாம். அவர் விடவில்லை. அடுத்த முறை புரட்டாதிக் கடைசியில் போட்டு மழைத் தண்ணீரிலேயே வளர்த்து, தைக்கு முன்னரே காய் பிடுங்கிவிட்டார். செம்மண்ணில் நல்ல தண்ணீர் இறைக்கிற எனக்கு இது எங்கே தெரியப்போகிறது? மற்றவர் ஒரு வங்கிக்காரத் தம்பி. வெண்டி சரிவரவில்லை அன்ரி என்று பிடுங்கிய ஒரு கன்றையே கொண்டுவந்து காட்டினார். வேரெல்லாம் கட்டி கட்டியாக, முத்துக் கோர்த்த மாதிரி. வேர்முடிச்சுப் புழு. விதையில் வந்ததல்ல, அவர் வேறு ஒரு வீட்டிலிருந்து மண்ணோடு வாங்கி வைத்த கத்தரிக் கன்றோடு வந்திருக்கவேண்டும். அன்றிலிருந்து நான் கன்று கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, விதை மட்டும்தான். தேமல் விழுந்த பயிற்றையிலும் விதை எடுப்பதில்லை, அந்த நோய் விதையோடேயே போகக்கூடியது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அறிவுரை சொல்ல வந்த கிழவி என்று நினைப்பீர்கள். சுரை, பூசணி வகைகளில் ஆண்பூ வேறு பெண்பூ வேறு, தேனீயும் பூச்சியும்தான் கலியாணம் செய்துவைப்பது. பயிற்றை பெரும்பாலும் தனக்குள்ளேயே முடித்துக்கொள்ளும், ஆகவே அதில் பயமில்லை. ஒரு வருடம் எங்கள் பக்கத்துக் காணியில் வேலியோடு கைக்கிற பேய்ச்சுரை படர்ந்து நின்றது, நான் கவனிக்கவில்லை. என் சுரைக்காய் நல்ல ருசியாகத்தான் இருந்தது, விதையும் எடுத்துக் கொடுத்தேன். கலப்பு அந்தக் காயில் தெரியாது, அதன் விதையில் முளைக்கிற கொடியில்தான் தெரியும். வாங்கிப் போட்டவர் வீட்டில் கறி வாயில் வைக்க முடியாத கைப்பு. நல்லகாலம், ஒரு வாயோடு கொட்டிவிட்டார்கள். கைக்கிற சுரைக்காய் சத்தியையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும், சமைத்தாலும் அந்தக் கைப்பு போகாது. அரியும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமைக்கிற பழக்கம் எங்கள் ஆச்சிமாருக்கு இருந்தது, சும்மா இல்லை. இப்போது விதைக்கு விடுகிற பூசணிப் பூவை முதல்நாள் பின்னேரமே நூலால் கட்டிவிட்டு, விடிய ஆண்பூவைப் பிடுங்கித் தடவி, திரும்பக் கட்டிவிடுகிறேன். சுரைக்குப் பூ பொழுதுபடத்தான் விரியும், அதற்கு ரோச் லைற்றோடு போகவேண்டும், மனுசன் சிரிக்கிறார்.

சரி, இனி நான் கேட்க வந்தது. உங்கள் பத்திரிகையில் மரண அறிவித்தலுக்கும் நினைவஞ்சலிக்கும் முழுப் பக்கங்கள் போகின்றன. போகட்டும், அதுவும் எங்களுக்கு வேண்டியதுதான், நானும் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமையில் விதைக்கு நாலு அங்குலம் தாருங்கள். இன்ன ஊர், இன்ன மண், இன்ன விதை இருக்கிறது, இன்னது தேடுகிறேன் என்று இரண்டு வரி. அதோடு கட்டாயமாக, போன முறை வாங்கியவர் அது என்னவானது என்று எழுதவேண்டும், சரிவராவிட்டால் சரிவரவில்லை என்றே எழுதவேண்டும். மற்றது, ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, வாசிகசாலையில் பத்திரிகை விரித்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரித் தட்டு சும்மாதான் கிடக்கிறது. மூடி இறுக்கமான பத்துப் போத்தலும் ஒரு கொப்பியும் வைத்தால் போதும். எடுத்தவர் கொப்பியில் எழுதட்டும், போகம் முடிய எடுத்ததில் இரண்டு மடங்கு திருப்பி வைக்கட்டும். பெயர் தெரியாத விதையையும் பைக்கற்றில் வந்த நிறம் பூசிய விதையையும் அந்தத் தட்டில் வைக்கவிடக்கூடாது, நிறம் பூசியதில் மருந்து இருக்கும், சின்னப்பிள்ளைகள் வருகிற இடம். இதற்கு ஒரு சங்கமும் தலைவரும் பொன்னாடையும் தொடக்கவிழாவும் வேண்டாம் என்று இப்போதே கைகூப்பிக் கேட்கிறேன், அப்படித் தொடங்கியது எங்கள் ஊரில் விளக்கேற்றிய அடுத்த நாளே முடிந்துவிடும்.

விவசாயப் போதனாசிரியர்மார் இதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். திணைக்களத்தின் பட்டியலில் இருக்கிற திண்ணவேலி ஊதாக் கத்தரி எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயரோடுதானே நிற்கிறது. மட்டுவில் கத்தரிக்காய் என்றால் சந்தையில் கேட்டு வாங்குகிறோம், நீர்வேலி வாழைக்குலை என்றால் விலை வேறு. அதற்குக் காரணம், ஒரு ஊர் முழுக்க ஒரே விதையை, ஒரே கிழங்கை விடாமல் வைத்திருந்து, வளர்க்கிற விதத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்ததுதான்.

நாலு அங்குலம் தருவீர்களோ தெரியாது, அதனால் முதல் அறிவித்தலை இந்தக் கடிதத்திலேயே போட்டுவிடுகிறேன். அம்மாவின் பயிற்றை திரும்பி வந்தது, கத்தரி வரவில்லை. அது ஊதாக் கத்தரி இல்லை. வெள்ளையில் பச்சைக் கோடு, முட்டையிலும் கொஞ்சம் நீளம், காம்பில் முள் குத்தும், பழுத்தால் மஞ்சளாகும். பாற்கறி வைத்தால் கரையாது. 1995 க்கு முன்னர் உரும்பிராய், கோப்பாய், ஊரெழுப் பக்கம் பல வீட்டில் நின்றது, அம்மாவிடம் வாங்கிப் போனவர்கள் வன்னியிலும் இருக்கலாம். யாருடைய வளவிலாவது இப்போதும் நின்றால் பத்து விதை போதும், பத்திரிகைக் கந்தோருக்கு ஒரு உறையில் போட்டு அனுப்புங்கள், எந்த மண்ணில் நின்றது என்று மறக்காமல் எழுதிவிடுங்கள். புரட்டாதி பிறக்கப்போகிறது, நாற்றுமேடை கொத்தி வைத்திருக்கிறேன். பதிலுக்கு அம்மாவின் பயிற்றை விதை தருவேன், சிவப்பு, இந்த வருடத்தது.

இப்படிக்கு,
பயிற்றைக்காரி
உரும்பிராய்