மனநலச் சொற்களில் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் வரும் மனநலச் செய்திகளில், மனநல மருத்துவரும் உளவியலாளரும் ஒருவரே என்பது போல எழுதப்படுகிறது. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்து, மருந்து எழுதித் தருபவர். பின்னவர் உளவியல் படித்துப் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். இந்த வேறுபாடு தெரியாமல் மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த என் சித்தி, ஓர் ஆலோசனை மையத்தில் டோக்கன் வாங்கி அரை நாள் காத்திருந்தபின், 'இங்கே மாத்திரை தருவதில்லை' என்ற பதிலோடு, பழைய சீட்டுகள் வைத்திருந்த மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்.

'மனச்சிதைவு' என்ற சொல்தான் மேலும் உறுத்துகிறது. 1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் புளூலர் வைத்த 'ஸ்கிசோஃபிரினியா' என்ற பெயருக்கு ஈடாக நாம் வழங்கும் இச்சொல்லை, ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசுவதற்கெல்லாம் உவமையாக்குகிறார்கள். இல்லாத குரல்கள் கேட்பது, இல்லாததை உண்மையென நம்புவது போன்றவை தோன்றும் அந்நோய் வேறு, இரட்டை ஆளுமை வேறு. ஜப்பானில் களங்க உணர்வைக் குறைப்பதற்காக 2002-இல் நோயின் பெயரையே மாற்றினார்கள். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. இரண்டு வாரமாவது நீடிக்கும் மனச்சோர்வு நோயை ஒருநாள் வருத்தத்தோடு சேர்த்து எழுதாமல், இத்தகைய செய்திகளின் கீழ் 14416 என்ற, அரசின் 'டெலி மனஸ்' மனநலத் தொலைபேசி உதவி எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருமங்கலம்