கரண்ட் இல்லாத நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு

ஊத்தங்கரைப் பக்கத்து எங்கள் ஊராருக்கும், கம்பம் நட வந்த வெளியூர் மின் ஊழியர்களுக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரி அருகே. கொட்டித் தீர்த்தது நம் தலையில். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ரோட்டில் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதை ஊர் உலகமே டிவியில் பார்த்தது. பார்க்காதது நாங்கள்தான்.

இன்வெர்ட்டர் அன்றிரவே கைவிட்டது. மோட்டார், மிக்ஸி, செல்போன் எல்லாம் போனால் போகட்டும். ஃபிரிட்ஜில் அத்தையின் இன்சுலின் இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா. (அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) "பிரிச்ச பாட்டில் வெயில் படாம இருந்தா நாலு வாரம் தாங்கும்மா, பயப்படாதே" என்றார். பிரிக்காததை டப்பாவில் போட்டு, சின்னப் பானைக்குள் இறக்கி, அதை ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்திக் கொடுத்தார். மழைக்குளிரும் துணைக்கு வந்தது. அத்தைக்குச் சர்க்கரை ஏறவில்லை.

கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த அம்மிக்கு மறுவாழ்வு கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு கைப்பிடி அரிசியை அரைத்துக் கொட்டச் சொன்னார். மண் கரகரப்போடு சாம்பல் நிறத்தில் வந்தது. மறுபடி அரிசி, மறுபடி கழுவல். மாவு வெள்ளையாக வந்த பிறகுதான் கொள்ளுத் துவையலுக்கே அனுமதி. "தோளால இழுக்காதடி, இடுப்பைக் குடு" என்று வாசற்படியில் உட்கார்ந்தபடி அதட்டிக்கொண்டே இருந்தார். ராகிக் களியும் அந்தத் துவையலும் இருந்தால் மிக்ஸி எதற்கு? கரண்ட் வந்ததும் மிக்ஸிக்குத்தான் ஓடினேன், அது வேறு கதை.

ஊர்க் கிணற்றுக்குக் கப்பி மாட்டிய தம்பிகளுக்கும், டிராக்டர் பேட்டரியில் தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தர்மபுரி வானொலியைச் சத்தமாக வைத்துத் திண்ணையில் கூட்டம் சேர்த்த மாமாவுக்கும்தான், இடையில் அவர் சொன்ன அரசியலை மன்னித்து.

மின் ஊழியர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வரப்பு தெரியாத வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். அவர்களில் ஒருவர் வீடு வீடாக வந்து, "ஜெனரேட்டர் ஓட்டுறவங்க மெயினை இறக்கிட்டு ஓட்டுங்க. இல்லன்னா உங்க கரண்ட் டிரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறி, கம்பத்துல இருக்கிற எங்க தலையிலதான் விடியும்" என்றார். அது எங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்கவும் அவர்களுக்கு நேரமில்லை. அடுத்த ஊரும் இருட்டில் கிடந்தது.

கடைசியாக ஒன்று. அந்த நாட்களில் சோறும் குழம்புமாக வந்த தூக்குகளும் கிண்ணங்களும் எங்கள் சமையலறையில் குவிந்து கிடக்கின்றன. பெயர் வெட்டியதை எல்லாம் கொடுத்துவிட்டோம். மீதியை அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோவில் தெரு மருமகள்